வாங்காதவருக்கும் ஒரு சீட்டு

எண்பதுகளில் கொச்சி மட்டாஞ்சேரியில் துணிக்கடை வைத்திருந்தேன். ஓணத்துக்குச் சேலை வாங்குவோருக்குக் குலுக்கல் சீட்டு, பரிசு தையல் மிஷின் என்று போர்டு மாட்டினேன். வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கும் சரோஜினி சேச்சி அதைப் படித்துவிட்டு உள்ளே வந்தார்.

"அண்ணாச்சி, வாங்கினாத்தான் சீட்டுன்னா அது லாட்டரியாக்கும். லைசன்ஸ் இல்லாம நடத்தினா கேஸாகும். கேக்கிறவங்களுக்கெல்லாம் சும்மா கொடுங்க."

மனசில்லாமல் போர்டை மாற்றினேன். குலுக்கலில், பள்ளுருத்தியில் இறால் உரிக்கும் மரியத்தின் சீட்டு வந்தது. அவர் என் கடையில் கைக்குட்டைகூட வாங்கியதில்லை. மடித்து உள்ளே போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு பெயரைப் படித்தேன்.

மிஷினைத் தொட்டுப் பார்த்த மரியம், "ஒரு தோர்த்துத் துண்டாவது வாங்கட்டா அண்ணா?" என்று கூச்சத்தோடு கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாம் அக்கா."

சட்டத்துக்குப் பயந்துதான் கொடுத்தேன். அன்பினால் கொடுத்ததாக அவர் நம்பினார். அதைத் திருத்த எனக்கு வாய் வரவேயில்லை.