அப்பாவின் காதும் என் கையும்

அப்பாவுக்குக் காது மந்தம் என்பது எங்கள் வீட்டில் அதுவரை ஒரு வசதியாகத்தான் இருந்தது. அம்மா நாள் முழுக்கத் திட்டுவார், அப்பா சிரித்தபடி சாப்பிடுவார். ஆனால் ஒருநாள் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் "நில்லு" என்று கத்தியது கேட்காமல், அவர் பாட்டுக்கு நடந்திருக்கிறார். சுடத் துவக்கைத் தூக்கிவிட்டானாம். பின்னால் வந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் தப்பினார். அதன் பிறகுதான் இந்த ஆஸ்பத்திரிப் பயணம்.

உன்னிச்சையிலிருந்து விடியவே புறப்பட்டு, சாவடியில் கூட்டத்தோடு கூட்டமாக அப்பாவைக் கடத்தி, மட்டக்களப்புக்குப் போய்ச் சேர்ந்தால், காது டாக்டர் பின்னேரம்தான் வருவாராம். எனக்கு அடித்தது யோகம். எட்டு வயதில் ஒரே நாளில் இரண்டு பூங்கா! முதலாவதில் ஊஞ்சல் ஆடித் தீர்த்தேன். இரண்டாவது வாவிக்கரையில். அங்கே புட்டுப் பார்சலை அவிழ்த்தோம். காலையில் சாவடியில் ஆமிக்காரர் குத்திக் குத்திப் பார்த்ததில் அது பொலபொலவென்று உதிர்ந்து கிடந்தது.

அம்மா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "ஐஸ்பழம் வேணுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம்" என்றார் அப்பா.

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். எதிரே இருந்த என் முகம் மலர்ந்ததைப் பார்த்துத்தான் அப்பா சொன்னார் என்பதை நான் காட்டிக்கொடுக்கவில்லை. ஐஸ்பழம் எனக்கும் கிடைத்தது.

டாக்டரை ஏமாற்ற முடியவில்லை. வலது காது முற்றாகப் போய்விட்டது, இடது அரைவாசி. காதில் மாட்டும் மெசின் வர மாதக்கணக்காகும் என்றார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. திரும்பும் நேரம் சாவடியில் காலைக் கூட்டம் இருக்காது; ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு வேறு வரிசை, அம்மா அப்பாவோடு போக முடியாது. சின்னப் பிள்ளை நான் மட்டும் எதிலும் போகலாம்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மறுபடியும் வாவிக்கரைக்கே போனோம்.

"நில்லு எண்டா அப்பாட கைய ஒருக்கா அமத்து. போ எண்டா ரெண்டுதரம். விளங்கிச்சா புள்ள?" என்றார் அம்மா.

நானும் அப்பாவும் கைகோத்துப் புல்லில் நடந்தோம். அம்மா ஆமிக்காரனாகி "நில்லு! போ!" என்று கத்தினார். புருசன் பெண்சாதிச் சண்டை என்று நினைத்த கச்சான் கடலைக்காரர் சமாதானம் பேச வந்துவிட்டார்.

சாவடியில் நான் பெரிய மனுசிபோல அப்பாவோடு நடந்தேன். "நில்லு!" என்று நிசமான சத்தம் வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அழுத்த மறந்துபோனேன். அப்பா ஆனால் நின்றிருந்தார்.

பஸ்ஸில் ஏறியதும் வெட்கத்தில் அழுகை வந்தது. அவருடைய இடது காதில் வாயை வைத்து, "நான் அமத்தல்லயே அப்பா, எப்பிடி நிண்டீங்க?" என்று கத்தினேன்.

"உன்ட கை நடுங்கினது, மகள். நிண்டிட்டன்."

வீடு போய்ச் சேரும்வரை அவர் அந்தக் கையை விடவில்லை.