ஊசி துள்ளாத மேசை

என் தம்பி கொச்சியில் டீஜேயாக இருந்தான். கல்யாண மண்டபம், ஓட்டல் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பாட்டுப் போட்டுக் கூட்டத்தை ஆட வைப்பது அவன் தொழில். ஷார்ஜாவில் வேறு வேலை கிடைத்துக் கிளம்பும்போது, தட்டுச் சுழற்றும் தன் இரண்டு டர்ன்டேபிள்களையும், இரண்டின் பாட்டையும் கலக்க நடுவில் வைக்கிற மிக்சரையும் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் கொண்டுவந்து, பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டில் இறக்கினான்.

"அக்கா, சும்மா மூடி வெச்சராத. வாரம் ஒருக்கா ஓட்டி உடு. இல்லீன்னா இறுகிப் போயிரும்," என்றான்.

கட்டிப் போட்ட மாட்டை வாரம் ஒரு தடவை அவிழ்த்து நடத்துவதுபோல நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். மூன்றாவது வாரம், ஒரு தட்டின் தாளத்தை இன்னொரு தட்டின் தாளத்தோடு சேர்த்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் இரண்டும் ஒன்றாகவே ஓடின. பத்து வினாடி இருக்கலாம். அந்தப் பத்து வினாடியில் நான் கெட்டேன். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. அரசுப் பள்ளியில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் டீச்சர். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு காதில் ஹெட்போன் வைத்து நின்ற என்னைப் பார்த்து, பால் வாங்க வந்த பெண்மணி காது வலியா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

முதலில் எல்லாம் சாப்பாட்டு மேசையின் மேல்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறவர், நல்ல உடம்பு. அவர் உள்ளே நுழைந்தால் தரை அதிரும், மேசை நடுங்கும், ஊசி துள்ளிப் பாட்டு பாதியில் வேறெங்கோ போய்விடும்.

"ஏனுங்க, கொஞ்சம் மெல்ல நடங்க," என்றேன்.

"எம்பட ஊட்டுக்குள்ள நடக்கறதுக்கு உங்கிட்டக் கேக்கோணுமா அம்மிணி?"

கேட்டாரே ஒழிய, ஒரு வாரம் நுனிக்காலில்தான் நடந்தார். நாங்கள் இரண்டு பேரும் தட்டைக் கையில் ஏந்திச் சமையலறையில் நின்றபடி சாப்பிட்டோம். எட்டாவது நாள், தனியாக ஒரு மேசை செய்துகொள்ளச் சொல்லிவிட்டார்.

பதினைந்து வருடமாக அதிர்வுகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். ஒரு மேசை எனக்கு எம்மாத்திரம். வரைபடத் தாளில் முன்தோற்றம், பக்கத் தோற்றம், மேல்தோற்றம் என்று மூன்று படம் வரைந்து ஆசாரியிடம் நீட்டினேன். அவர் தாளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"டீச்சர், இது மேசைங்களா, கட்டிலுங்களா?"

மேசைதான் என்றும், அதைச் சுவரோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்க வேண்டும் என்றும் விளக்கினேன். கால்கள் ஆடலாம், சுவர் ஆடாது என்பது என் சித்தாந்தம். அவர் மெதுவாகக் கேட்டார்:

"செவுத்துக்கு அந்தப் பக்கம் என்னங்க இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க," என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

பலா மரத்தில் கனமான மேசை. சுவரில் ஆறு போல்ட். வீட்டுக்காரர் சாதாரணமாக நடந்து பார்த்தார், ஊசி அசையவில்லை. தம்பிக்குப் படம் அனுப்பினேன். அடுத்த நாள் காலையில் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்டது, யாரோ பல்வலியோடு கூடவே பாடுகிற மாதிரி.

எர்த் சரியில்லை என்று உடனே முடிவுகட்டினேன். ஒயரை மாற்றினேன். முனகல் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, கம்பி இறக்கி, கரியும் உப்பும் போட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். வீட்டுக்காரர் என்ன செடி என்று கேட்டார். தம்பியைப் போனில் கூப்பிட்டு, பழுதான சாமானை என் தலையில் கட்டிவிட்டதாகத் திட்டினேன். கடைசியில் ஒரு நோட்டுப் போட்டு, முனகல் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று பத்து நாள் குறித்தேன். காலை ஆறு முதல் எட்டு, மாலை நாலரை முதல் ஆறு. கரண்டு ஆபீசுக்குப் புகார் எழுதலாம் என்று அந்த நோட்டை வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இது நாந் தோப்புக்குத் தண்ணி உடற நேரமல்லோ அம்மிணி."

சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ரூம். அதே சுவரில், என் மேசைக்கு நேர் பின்னால், அவருடைய மோட்டாரையும் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அந்த வீட்டில் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். அவர் எழுந்து வெளியே போனார். களத்து மேட்டிலிருந்து அவர் சிரிப்பது உள்ளே வரைக்கும் கேட்டது.

போல்ட்டைக் கழற்ற வந்த ஆசாரி என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு வரைபடத் தாளைத் தொடவில்லை. சமையல் மேடை கட்டியபோது மிஞ்சிய கிரானைட் பலகை ஒன்று மாட்டுக் கொட்டகையில் சாய்ந்து கிடந்தது. எதிர்ச் சுவர்ப் பக்கம், சுவரைத் தொடாமல், ஹாலோ பிளாக்கை ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று வரிசை அடுக்கினோம். மேலே பழைய ஸ்கூட்டர் டியூபில் லேசாகக் காற்றடித்து வைத்து, அதன் மேல் கல்லை ஏற்ற வேண்டும். தோப்பில் தேங்காய் சுமக்கிற நான்கு பேர் வந்து தூக்கி வைத்தார்கள். டர்ன்டேபிள் ஓடத் தொடங்கியதும் வீட்டுக்காரரைக் குதிக்கச் சொன்னேன். குதித்தார். ஊசி அசையவில்லை. இன்னொரு தடவை என்றேன். ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி குதித்தார். மோட்டாரையும் போட்டுப் பார்த்தோம். முனகல் இல்லை. அன்றைக்கு ஊர் முழுக்க இந்தக் கதையைச் சொன்னேன், நோட்டு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு.

கதை எங்கள் எச்.எம். காதுக்கும் போனது. பள்ளி ஆண்டு விழாவுக்கு நீங்களே பாட்டுப் போடுங்கள் என்றார். அதற்கென்ன என்று ஒப்புக்கொண்டேன். கிரானைட் கல் வீட்டிலேயே இருக்கும் என்பது விழா நாளன்றுதான் உறைத்தது. மேடை என்பது பெஞ்சுகளின் மேல் பலகை அடுக்கியது. ஒத்திகையில் இருபது பிள்ளைகள் ஒரே சமயத்தில் குதித்தார்கள். ஊசி தட்டைத் தாண்டிப் போய் விழுந்தது.

ஆடாத இடம் தேடிப் பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்றினேன். ஆய்வக மேசையை உலுக்கினேன், ஆடியது. எச்.எம். மேசை அதைவிட ஆடியது. மைதானத்து நடுவில் கொடிக்கம்பம், அதைச் சுற்றி இடுப்புயரத்துக்குச் சிமெண்டு மேடை. கையை ஊன்றிப் பார்த்தேன், மலை மாதிரி இருந்தது.

"டீச்சர், கொடி ஏத்தற எடத்துலயா?" என்று எச்.எம். தயங்கினார்.

"இன்னைக்குக் கொடி ஏத்தலீங்களே மேடம்," என்றேன். அவருக்கும் வேறு வழி இல்லை.

மத்தியானம் மூன்று மணி. மார்ச் மாதத்துப் பாலக்காட்டு வெயில். வெயிலில் வைத்தால் இசைத்தட்டு அப்பளம் மாதிரி வளைந்துவிடும். அதனால் வீட்டுக்காரரைக் குடை பிடிக்கச் சொன்னேன். தட்டுக்குக் குடை, எனக்கு வெயில். பட்டுச் சேலையில் வியர்த்து வழிந்துகொண்டு, ஒரு கையால் ஹெட்போனைக் காதில் அழுத்தி, விறைப்பாக நின்று பாட்டுப் போட்டேன். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு நான் கொடிக்கம்பத்துக்கு வணக்கம் வைப்பதுபோலத் தெரிந்ததாம். நான்கு பாட்டு ஒழுங்காகப் போனது. ஐந்தாவதில், வேகத்தை மாற்றும் பொத்தானில் என் வளையல் பட்டது. பாட்டு தலைதெறிக்க ஓடியது. ஏழாம் வகுப்புப் பெண்கள் ஒரு கணம் என்னைப் பார்த்தார்கள், பிறகு அதே வேகத்தில் ஆடத் தொடங்கிவிட்டார்கள். மைதானம் முழுக்க விசில். முடிந்ததும் எச்.எம். ஓடி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"டீச்சர், பெத்தவங்கெல்லாம் கேக்கறாங்க. அத இன்னொருக்காப் போடுங்க."

அதை வேண்டுமென்றே செய்ததாகத்தான் இன்றுவரை பள்ளியில் நம்புகிறார்கள். நான் மறுக்கவில்லை.

ஓணத்துக்குத் தம்பி லீவில் வந்தான். கல்லைத் தட்டிப் பார்த்தான், தரையில் உதைத்துப் பார்த்தான். பிறகு பாட்டுப் போடக் குனிந்தவன், நாற்று நடுகிறவன் மாதிரி வளைந்தே நின்றான்.

"அக்கா, இதென்ன இத்தன தாழ்வா?"

"சேர்ல உக்காந்தாச் செரியா இருக்கும்."

"டீஜே யாராச்சும் உக்காந்து போடுவாங்களா?"

அவன் இருக்கும் வரைக்குமாவது நின்று போடட்டும் என்று இன்னும் இரண்டு வரிசைக்குப் பிளாக் வாங்கிவந்து, அந்த நான்கு பேரையும் கூப்பிட்டுக் கல்லைத் தூக்கி வைத்தோம். பத்து நாள் இரண்டு பேரும் மாறி மாறிப் பாட்டுப் போட்டோம். என் கை வேகத்தைப் பார்த்து, பரவாயில்லை என்றான். கிளம்பும்போது செட்டை எடுத்துப் போகவில்லை.

"உங்கிட்டயே இருக்கட்டும் அக்கா. எனக்கு அங்க நேரமில்ல," என்றான்.

நான் அவ்வளவு உயரமில்லை. நின்றால் மேசை நெஞ்சுக்கு வந்தது, உட்கார்ந்தால் கழுத்துக்கு. இரண்டு நாள் சமாளித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஆள் சொல்லி அனுப்பினேன். நான்கு பேரும் வந்து, தலைத் துண்டைச் சும்மாடு கட்டிக்கொண்டே வாசலில் நின்றார்கள்.

"டீச்சர், இந்தத் தடவ ஏத்தறதுங்களா, எறக்கறதுங்களா?" என்று கேட்டார் ஒருவர்.

இறக்கத்தான் என்றேன்.