செல்லாத கோலும் அரை மணி நேர நாடகமும்

எங்கள் அணி தோற்றால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. ஜெயித்தால் அதே இரண்டு நாள் வாய் மூடாது. இரண்டுமே தொல்லைதான் என்று வீட்டில் சொல்வார்கள். துறைமுகத்தில் கிரேனுக்குச் சிக்னல் கொடுக்கும் வேலை எனக்கு. கப்பலில் சரக்கு அறையின் வாயருகே நின்று, கீழே மூட்டை கட்டுகிறவனையும் மேலே கிரேனில் உட்கார்ந்திருப்பவனையும் மாறி மாறிப் பார்த்துக் கையைக் காட்ட வேண்டும். வெயில் கண்ணில் அடித்தால் கை தெரியாது, அப்போது விசில். ஒரே நீளமாக ஊதினால் நிறுத்து. இரண்டு சின்னது, ஒரு நீளம் என்றால் தூக்கு. அந்த விசில் கயிற்றோடு எப்போதும் என் கழுத்தில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டத்துக்கும் அதோடுதான் போவேன்.

ராயபுரத்தில் எங்களுக்கு ஓர் அணி இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், வலை இழுக்கிறவர்கள், இரண்டு பேர் ரயில்வேயில் சாமான் தூக்குகிற கலாசிகள். பத்து பேருக்குத்தான் பூட்ஸ் இருந்தது. பதினோராவது ஆள் வெறுங்காலோடு ஆடுவான், அவன்தான் அணியிலேயே சிறந்தவன். ஒன்பதாம் நம்பர் சட்டை போட்டவன். நாங்கள் அவனை ஒன்பது என்றே கூப்பிட்டோம், அவனுடைய அம்மாவும் மாதா கோயிலில் வேண்டிக்கொள்ளும்போது மட்டும்தான் அவன் பெயரைச் சொல்வார். துறைமுகத்தில் தினக்கூலி. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன்.

பேசின் பிரிட்ஜ் பக்கத்தில், கால்வாய்க்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இருக்கிற மைதானத்தில் பெரம்பூர் ரயில்வே பட்டறை அணியோடு ஒரு ஆட்டம். அன்றைக்கு ஒன்பதைப் பார்ப்பதற்காகவே திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அங்கே அணியில் சேர்த்தால் நிரந்தர வேலையும் கொடுப்பார்கள். அவன் அம்மா காலையிலேயே மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்திருந்தார். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும். இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஒன்பது பந்தை வாங்கினான், ஒருவனைத் தாண்டினான். பெரம்பூர்ப் பின்காவல்காரர்கள் இரண்டு பேரும் சட்டென்று நின்றுவிட்டார்கள். கோல்கீப்பர் கையைத் தூக்கினான். ஒன்பது நிற்கவில்லை. பந்து வலையில்.

ரெப்ரீ கோல் இல்லை என்றார். பந்தை எடுத்துவந்து, பின்காவல்காரர்கள் நின்ற இடத்தில் போட்டு மறுபடி ஆடச் சொன்னார். எங்கள் கேப்டன் காரணம் கேட்டார். என் முடிவு, ஆடுங்கள் என்று மட்டும் சொன்னார். அவர்தான் வேண்டுமென்றே விசில் ஊதி நிறுத்திவிட்டார் என நாங்கள் எல்லோரும் நினைத்தோம். கடைசி நிமிடத்தில் பெரம்பூர் ஒரு கோல் போட்டு ஜெயித்தது. தொழிற்சாலைக்காரர்கள் ஒன்பதைக் கூப்பிடாமலே கிளம்பினார்கள்.

ரெப்ரீ ரயில்வேயில் குமாஸ்தா. எங்களுக்கு அது போதும். அதன் பிறகு அவர் எங்கள் ஆட்டத்துக்கு வந்தபோதெல்லாம் நான் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டியிருக்கிறேன். இங்கே எழுத முடியாது. கற்பனையாகவும் திட்டுவேன், அதனால் என்னைச் சுற்றி நின்று கேட்பார்கள். ஒன்பது திட்ட மாட்டான். அவர் கடந்து போகும்போது தரையில் காறித் துப்புவான். மூன்று வருடம் இப்படி ஓடியது.

அதற்குள் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்துவிட்டது. எங்கள் சங்கக் கட்டடத்தில் ஒரு பெட்டி வைத்தார்கள். நான் சங்க ஆண்டு விழாக்களுக்கு நாடகம் எழுதுகிறவன். பெட்டியில் வந்த நாடகங்களைப் பார்த்தேன். வடசென்னைக்காரன் வந்தால் அவன் திருடனாக இருப்பான், இல்லையென்றால் குடித்துவிட்டு உளறுவான். நாம் பேசுகிற மாதிரி ஒருவன் பேசினால் உடனே சிரிக்க வேண்டும் என்று கணக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோல் பறிபோன கதையையே எழுதி, நிலையத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

நாடகப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு அம்மா. மயிலாப்பூர்ப் பக்கம். பந்தாட்டம் என்றால் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று என்னிடமே கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எழுந்து வந்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் அவருக்கு வேலை தெரியும். ஸ்டுடியோவில் மைதானம் கட்ட முடியாது, உங்களுக்கு இரண்டு வீடும் ஒரு டீக்கடையும் தருகிறேன், அரை மணி நேரம், நடுவில் நிறுத்தாமல் எடுப்போம், அதனால் ஒரு ஆள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் வேறு யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்றார். காகிதத்தை நடுவில் மடித்து, இடப்பக்கம் என்ன தெரிகிறது, வலப்பக்கம் என்ன கேட்கிறது என்று எழுதக் கற்றுக்கொடுத்தார். எழுபது பக்கத்தை இருபத்தெட்டாக்கினேன். நான் வெட்டினேன் என்று சொல்வது பொய், அவர் வெட்டினார், நான் சண்டை போட்டேன்.

இருபத்தெட்டுப் பக்கத்தையும் படித்துவிட்டு அந்த அம்மா ஒன்றுதான் கேட்டார்.

"இந்த நடுவர் ஏன் விசில் ஊதினார்?"

காசு வாங்கினான் என்றேன். யாரிடம், எப்போது, அந்தக் காட்சி எங்கே என்றார். என்னிடம் இல்லை. நடந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. மூன்று வருடம் ஊர் முழுக்கச் சொன்னதை ஒரு காகிதத்தில் எழுத முடியவில்லை. அவர் சொன்னார்: "அவரிடமே போய்க் கேளுங்களேன். காரணம் தெரியாத வில்லனை எந்த நடிகரிடம் கொடுப்பேன்?"

பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். லுங்கியோடு உட்கார்ந்து பூட்ஸுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். மைதானத்தில் பார்த்ததைவிடச் சின்ன ஆள். தொலைக்காட்சிக்கு எழுதுகிறேன் என்றதும் மனைவியிடம் காபி போடச் சொன்னார். என்னை அடையாளம் தெரியவில்லை. அத்தனை பேர் திட்டுகிற இடத்தில் ஒரு மூஞ்சி எப்படி ஞாபகம் இருக்கும். நான் ராயபுரம் என்று சொல்லி, அந்த ஆட்டத்தைச் சொன்னேன். ஏன் ஊதினீர்கள் என்று கேட்டேன்.

"நான் ஊதவே இல்லையே சார்."

பூட்ஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். கூட்டத்திலிருந்து ஒரு விசில் வந்தது. பெரம்பூர்ப் பையன்கள் அது அவர் ஊதியது என்று நினைத்து நின்றுவிட்டார்கள். வெளியாள் ஊதிய விசிலால் ஆட்டக்காரன் ஏமாந்து நின்றால் ஆட்டத்தை நிறுத்தி, பந்தைப் போட்டு மறுபடி தொடங்க வேண்டும், அதுதான் சட்டம். அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"கால்வாய்ப் பக்கத்துல எவனோ ஊதினான்னு வாயத் தொறந்திருந்தா, உங்க ஆளுங்களே அவனப் புடிச்சிக் கால்வாயில போட்டிருப்பாங்க. என்னியத் திட்டினா நான் வூட்டுக்கு வந்து குளிச்சிட்டுத் தூங்கிடுவேன். எனக்கு அது பழக்கம். இத்தன வருஷத்துல அந்தச் சத்தத்த மட்டும் மறக்கல சார். ரெண்டு சின்னது, ஒரு நீளம். உங்க பக்கத்துல அப்படி ஊதுறவன் யாருன்னு தெரியுமா?"

தெரியாது என்றேன், விசில் என் சட்டைக்குள் கிடந்தது. பென்சிலை நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது ஒரே வரியை நான்கு தடவை எழுதியிருந்தேன்.

பந்து வலைக்குள் போன பிறகுதான் ஊதினேன் என்று அதுவரை சத்தியம் செய்திருப்பேன். ஒன்பது காலுக்குப் பந்து வந்தால் என் வாய்க்கு விசில் வந்துவிடும். தூக்குடா, தூக்கு. அதுதான் நடந்திருக்கிறது. என் தோழனுடைய வேலையை நானே ஊதிக் கெடுத்துவிட்டு, ஒரு நல்ல மனிதனை மூன்று வருடம் திட்டியிருக்கிறேன். இது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

முதலில் நான் செய்தது கேவலமான வேலை. நாடகத்தை மாற்றி எழுதினேன். விசில் ஊதியவன் ஒரு குடிகாரன் என்று போட்டேன், பெயரில்லாத ஆள், குப்பத்துக்காரன். அந்த அம்மாவுக்குப் பிடித்திருந்தது. இப்போது எல்லாம் பொருந்துகிறது, எடுத்துவிடலாம் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கே உறைத்தது. எந்தக் குடிகாரனைப் பார்த்துப் பெட்டி முன்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்தேனோ அவனையே நானும் எழுதியிருக்கிறேன். அதுவும் என் பழியை அவன் தலையில் போடுவதற்கு.

மறுநாள் சாயங்காலம் வேலை விட்டதும், துறைமுக வாசல் டீக்கடையில் ஒன்பதிடம் சொன்னேன். அவன் டீயைக் கீழே வைக்காமல் கேட்டான்.

"இன்னொரு தபா சொல்லு."

மறுபடி சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் டீயை மெதுவாகக் குடித்து முடித்தான்.

"அந்தாளு போற பக்கமெல்லாம் நான் காறித் துப்பிகினு இருந்தனேடா. அவராண்ட நீதான்னு சொன்னியா?"

"இல்ல."

"வூட்டுக்குள்ள குந்தி காபி குடிச்சிட்டு, அதுகூடச் சொல்லாம வந்துட்ட. கெளம்பு."

அப்படியே பெரம்பூருக்குப் பஸ் ஏறினோம். எனக்கும் அவனே டிக்கெட் எடுத்தான். ரெப்ரீ வாசலில் ஒன்பதைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார், அடிக்க வந்திருக்கிறோம் என்று. நான் சொல்லி முடித்தேன். அவர் என் கழுத்தில் கிடந்த விசிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார், மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். மூன்று வருடம் என்னென்ன திட்டினேன் என்று அவரே ஞாபகமாக ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருடைய மனைவி சிரிக்கவில்லை. நியாயம்தான். ஒன்பது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பா நெனச்சிட்டேன் வாத்தியாரே என்றான். பிறகு, இவனுக்கு ரூல்ல என்ன தண்டனை என்று கேட்டான். ஆட்டக்காரனுக்குத்தான் ரூல், வேடிக்கை பார்க்கிறவனுக்கு ஒன்றும் இல்லை என்றார் அவர்.

"அப்ப நானே தரேன். அடுத்த சீசன் பூரா இவன் அந்தாண்ட பக்கம் நிக்கணும். தண்டவாளத்துப் பக்கம். வாயத் தொறக்கக் கூடாது."

வெளியூர்க்காரர்களுக்கு இது தண்டனை என்றே புரியாது. அந்த மைதானத்தில் யார் ஆடினாலும் தண்டவாளப் பக்கம் பெரம்பூர்க்காரர்கள், கால்வாய்ப் பக்கம் நாங்கள். அங்கே போய் நிற்பதைவிடக் கால்வாயில் விழலாம்.

நடந்ததை நடந்தபடியே எழுதினேன். பெட்டியில் வந்தால் சங்கத்துக்கே தெரிந்துவிடும், அது தெரிந்துதான் எழுதினேன். டீக்கடை, இரண்டு வீடு, கடைசியில் அந்தத் தீர்ப்பு. ஊதியவனும் ஆடியவனும் கட்டிப்பிடித்து அழுதால் நன்றாக இருக்குமே என்று அந்த அம்மா கேட்டார். எங்கள் பக்கம் அப்படி அழமாட்டார்கள் என்றேன். எங்கள் பேச்சை நடிகர்கள் இழுத்து இழுத்துப் பேசினார்கள், சிரிப்பு வர வேண்டுமாம். ஒத்திகையில் கத்தினேன், ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்தவர் ஒழுங்காகப் பேசினார். சங்கக் கட்டடத்தில் நாடகம் ஓடியபோது பாதியிலேயே எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நாடகம் முடிந்ததும் என்னைக் கால்வாயில் போட வேண்டும் என்று நாலு பேர் எழுந்தார்கள். ஒன்பதின் அம்மா குறுக்கே வந்தார். என் காதைப் பிடித்துத் திருகினார், நன்றாகவே வலித்தது. "நைனா, என் மெழுகுவத்திய ஊதி அணைச்சது நீதானாடா," என்றார். அதோடு விட்டார்கள். மறுநாள் அவர் வீட்டில் எனக்கு மீன் குழம்பு போட்டார்கள். ஒன்பதுக்கு வேலை அதனால் வந்துவிடவில்லை. அவன் இன்னும் தினக்கூலிதான். அதைப் பற்றி நினைத்தால் மீன் முள் மாதிரி இருக்கும், ஆனால் சாப்பிட்டேன்.

சீசன் தொடங்கியது. விசிலை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத் தண்டவாளப் பக்கம் போனேன். பெரம்பூர்க்காரர்கள் நாடகம் பார்த்திருந்தார்கள். விசில் மாமா வந்துட்டாரு, வழி வுடு என்று முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள், வறுத்த கடலையும் கொடுத்தார்கள். அவர்களுக்கு நான் செய்தது பெரிய உதவி அல்லவா. ஒன்பது பந்தோடு எங்கள் எதிரே ஓடி வந்தான். கோல் போட வேண்டியவன் பந்தை விட்டுவிட்டான். என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், பட்டறைக்காரர், அடுத்த வாரம் எங்களோடு ஆட இருந்த அவர்களுடைய பின்காவல்காரனிடம் சொன்னார்: "இவன் எப்பவும் எடப்பக்கந்தான் திரும்புவான்பா. முன்னாடியே போய் நின்னுகினா போதும்." இத்தனை வருடம் அவனைக் கால்வாய்ப் பக்கத்திலிருந்து பார்த்த எனக்கு அது தெரியாது. எங்கள் பக்கத்தில் நாங்கள் கத்துவோம், யார் பார்த்தது.

ஆட்டம் முடிந்து ஒன்பது மைதானத்தைக் கடந்து என்னிடம் வந்தான். அந்தாண்ட எப்படி கீது என்று கேட்டான். பெரியவர் சொன்னதை அவன் காதோடு சொன்னேன். அவன் என்னை ஒரு தினுசாகப் பார்த்தான். வேவு பார்க்கவா உன்னை அனுப்பினேன் என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பாதியில் அவனுக்குப் பந்து வந்தது. பெரம்பூர்ப் பின்காவல்காரன் முன்னாடியே இடப்பக்கம் போய் நின்றுகொண்டான். ஒன்பது வலப்பக்கம் திரும்பினான். கால்வாய்ப் பக்கம் மொத்தமும் எழுந்து கத்தியது. பெரியவர் மெதுவாகத் திரும்பி என் மூஞ்சியைப் பார்த்தார். நான் கடலையை மென்றுகொண்டு நேராகப் பார்த்தபடி நின்றேன்.