கே வரும் ஐந்தெழுத்து

ஐந்து எழுத்தில் இங்கிலீஷ் வார்த்தை, அதில் கே வரணும் என்று மகள் போன் விளையாட்டைக் காட்டிக் கேட்டதும், எனக்குப் பச்சைப் புளியங்குச்சியின் வாடை அடித்தது. ஜவ்வாது மலையில், இப்போது சாமை விளையும் மேட்டில்தான் எங்கள் கூரைப் பள்ளி இருந்தது. வாத்தியாரும் இப்படித்தான் கேட்பார். பிளாக், டிரிங்க் என்று சொன்ன பிள்ளை, சொல்லாத பிள்ளைகளின் கன்னத்தில் அறைய வேண்டும். மெதுவாக அறைந்தால், அடிப்பது எப்படியென்று காட்ட அவரே குச்சியை எடுப்பார்.

பக்கத்தில் உட்காரும் மல்லிகாவை ஒருநாள் லேசாகத் தட்டினேன், என் கெண்டைக்கால் கிழிந்தது. மறுநாளிலிருந்து ஓங்கி அறைந்தேன், கம்மல் குத்தி அவள் காதோரம் ரத்தம் வரும்வரை, வார்த்தை தெரிந்த சந்தோஷத்தோடு. ஒரு காலையில் அவளே புளியங்குச்சி ஒடித்துவந்து, கணு சீவி, என்னிடம் நீட்டினாள்.

“இதால அடி. கையால அடிச்சா உனுக்கும் நோவும்.”

அன்றும் எனக்கு வார்த்தை தெரிந்திருந்தது. குச்சியால் அடித்தேன்.

“இன்னாம்மா, தெர்லயா?” என்கிறாள் மகள். நாக்கு நுனியில் தயாராக நிற்கிறது வார்த்தை.

“தெர்ல” என்கிறேன், நாற்பது வருஷம் கழித்து.