பாட்டிலில் போட்ட சர்க்கரை

ஆரோக்கியசெல்வி குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதியின் சமையலறையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். சோயாவை ஊறவைத்து அரைத்து, வடிகட்டிக் காய்ச்சும் பக்குவம் அங்கே கற்றதுதான். மரக்காணத்துக்குத் திரும்பியதும் அதையே தொழிலாக்கிக்கொண்டாள். உப்பளத்துக்காரர்கள் பாத்தியைவிட்டுக் கரையேறி உட்காரும் நேரம் பார்த்து சோயாப்பால் பாட்டில்களோடு ஸ்கூட்டியில் வந்து நிற்பாள்.

"மாட்டுப்பால்ல கொழுப்பு ஜாஸ்தி, ஹார்ட்டுக்கு ஆகாது. இதுல அந்தக் கொழுப்பு கம்மி. சுகருக்கும் நல்லது" என்பாள். முதலில் சொன்னது விடுதியில் கேட்டது. சுகர் பேச்சு அவளாகச் சேர்த்தது.

ஆனால் பச்சை வாசம் அடிக்கிறதென்று பலரும் ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். ஏலக்காயும், பாட்டிலுக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரையும் போட்டாள். அதன்பிறகு ஒன்றும் மிஞ்சவில்லை.

உப்பளத்தில் வேலை செய்யும் தட்சணாமூர்த்திக்கு ஆறேழு வருஷமாகச் சர்க்கரை வியாதி. அண்ணன் மாரடைப்பில் போனதிலிருந்து நெஞ்சைப் பற்றியும் பயம். வீட்டில் மனைவி வேலம்மாள் வளர்த்த மாட்டின் பாலில் போட்ட, சர்க்கரையில்லாத டீயை நிறுத்திவிட்டு, தினம் இரண்டு பாட்டில் வாங்கினார்.

ஒரு நாள் கேட்டார்: "இனிக்குதே செல்வி. எனக்கு ஆவுமா?"

"சோயாவே இனிப்புதாண்ணே."

நாக்கு தடுமாறவே இல்லை. அதை நினைத்துத்தான் பின்னால் அவளுக்கு உடம்பு கூசியது.

மூன்று மாதம் கழித்து, அவர் காலில் உப்புக்கல் கிழித்த காயம் ஆறாமல் சீழ் பிடித்து, சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப்போன செல்வி கையில் இரண்டு பாட்டிலும் கொண்டுபோனாள். நர்ஸ் செந்தமிழ் ஒன்றை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இவரு தினம் குடிக்கிறது இதானா? சர்க்கரை போட்டிருக்கா?"

வேலம்மாள் செல்வியின் முகத்தையே பார்த்தாள். இல்லையென்ற சொல் செல்வியின் வாய் வரை வந்தது. வெளியே வரவில்லை.

"போட்டிருக்கேன். மூணு ஸ்பூன்."

"சர்க்கரை போடாத சோயாப்பால்னா நல்லதுதாங்க. கெட்ட கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கும். மாட்டுப்பாலும் விஷம் இல்ல, ஆடை எடுத்து அளவா குடிக்கலாம். ரெண்டுலயும் சர்க்கரைதான் இவருக்கு ஆவாது" என்ற செந்தமிழ், சற்று இறங்கிய குரலில், "விரல் போனதுக்கு இது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது" என்றாள்.

செல்விக்கு அது ஆறுதலாக இல்லை. தட்சணாமூர்த்தி கட்டிலில் கண்ணை மூடியபடியே சொன்னார்: "நான் கேட்டேனே, செல்வி."

வேலம்மாள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தலையையாவது நிமிர்த்தியிருக்கலாம் என்று செல்விக்குத் தோன்றியது.

மறுநாள் உப்பளத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். "நான் பொய் சொல்லிட்டேன். இத்தனை நாளும் சர்க்கரை போட்டுத்தான் குடுத்தேன். சுகர் இருக்கிறவங்க டாக்டர்கிட்ட போய்ப் பாத்துக்குங்க." சிலர் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார்கள். ஒருத்தி மட்டும், "எனக்கு ஒன்னுமில்ல, இனிப்பாவே குடு" என்றாள். செல்வி கொடுக்கவில்லை.

இப்போது சர்க்கரையில்லாமல்தான் கொண்டுவருகிறாள். வாங்குவோர் நாலைந்து பேர். தட்சணாமூர்த்தி பாத்தியில் இறங்குவதில்லை. உப்புக் குவியலுக்குக் காவல் இருக்கிறார். அவளைக் கண்டால், "நல்லாருக்கியா?" என்று விசாரிக்கிறார். அவள் தலையாட்டுவாள். செருப்புக்குள் இருக்கும் அந்தக் காலை இன்னும் அவளால் பார்க்க முடியவில்லை.