மீசை வைத்த சைபர்

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், எடை போடும் பெண்ணைத் திருடி என்று சொன்னார்கள். நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை. சூட்டோடேயே எழுதிவிடுகிறேன்.

நான் விழுப்புரத்தில் எலக்ட்ரானிக் தராசு ரிப்பேர் பார்ப்பவன். கல்லூரி வாசலை பஸ்ஸில் போகும்போது பார்த்ததோடு சரி. தராசைப் பிரித்துப் போட்டு, கெடுத்து, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டரும் அப்படித்தான் கைக்கு வந்தது. வேலையைவிட எனக்குப் பிடித்தது வேலை நடக்கும் இடத்தில் ஜனங்கள் பேசுகிற பேச்சு. எண் நிலைக்கு வராமல் ஆடினால் "தராசுக்குக் கிறுகிறுப்பு" என்பார்கள். அளவுக்கு மேல் ஏற்றி அது திணறினால் "மூச்சு வாங்குது". புது சாஃப்ட்வேரும் பெரிய சிவப்பு எழுத்துப் பலகையும் அந்த மண்டிக்கு வந்த பிறகு இன்னொரு பேச்சு சேர்ந்தது. காலித் தட்டுக்கு 0.00 என்று காட்ட வேண்டிய பலகை சில நேரம் -0.00 என்று காட்டும். அதற்கு மூட்டை தூக்குகிறவர்கள் வைத்த பெயர் மீசை. "சைபருக்கு மீச மொளைச்சிருச்சு, நிறுத்து நிறுத்து!"

நிறுத்தித்தான் ஆக வேண்டும். அங்கே ஒரு பழக்கம் உண்டு. பெட்ரோல் பங்கில் சொல்வதைப் போல, ஒவ்வொரு மூட்டைக்கும் முன்னால் அந்தப் பெண் "சைபர் பாத்துக்கோங்க" என்று சத்தமாகச் சொல்வாள். மூட்டை கொண்டுவந்த மல்லாட்டைக்காரர் பலகையைப் பார்த்துத் தலையாட்டினால்தான் மூட்டை தட்டில் ஏறும். பலகையில் மீசை இருந்தால் யார் தலையாட்டுவார்கள்?

"இன்னாம்மா இது, மூட்ட ஏர்றதுக்கு முன்னாடியே கொறைச்சுக்கினு கீது?"

அவள் சைபர் பட்டனை அழுத்துவாள். மீசை போகாது. எழுந்து வந்து தட்டின் ஓரத்தைக் காலால் ஒரு மிதி மிதிப்பாள். தட்டு குலுங்கி உட்காரும்; சில நேரம் மீசை உதிரும். இதுதான் அவள் செய்த ஒரே தவறு. ஒருவர் அதைச் செல்லில் படம் பிடித்து, "காலால் எடைத் திருட்டு" என்று எழுதி, சுற்று வட்டார ஊர்கள் எல்லாம் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார். காலை அமுக்கி, அந்தக் கனத்தையும் சைபராக்கிவிட்டுக் காலை எடுத்தால் மூட்டை எடை குறைந்துதானே வரும் என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தராசு தராசாக ஏமாந்தவர்கள் சந்தேகப்படாமல் வேறு என்ன செய்வார்கள்?

கோபமெல்லாம் அடுத்து வருகிற இரண்டு பேர் மேல்தான்.

முதல் ஆள் மண்டிக்காரர். எனக்குப் போன் போட்டு ஜல்தியாக வரச் சொன்னார். போனேன். "தம்பி, அவள வேலைய வுட்டு நிறுத்திட்டேன். மிஷின இன்னா பண்ணி வச்சிருக்கான்னு பாத்து சொல்லு. பேஜாரா பூடுச்சு. கூலிக்கார வூட்டுப் பொண்ண நாற்காலி போட்டு உக்கார வச்சேன் பாரு, எனக்கு வேணும்."

அவள் அப்பாவும் அம்மாவும் கழனி வேலைக்குப் போகிறவர்கள். அந்த வீட்டில் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் அவள்தான். அதை இந்த மனிதர் எந்த வாயால் சொல்லிக் காட்டுகிறார் பாருங்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவளுக்குப் போன் செய்தேன்.

"நான் அங்க வரலண்ணா. வந்தா எல்லாரும் செல்ல தூக்கிக்குவாங்க. போன்லயே கேளுங்க."

"மீச எப்பம்மா வருது?"

"தட்ட பெருக்கினா வரும்ணா. பட்டன அமுக்கினா அது கேக்கவே மாட்டேங்குது. கம்பெனிக்கு எத்தினி வாட்டி சொல்லிட்டேன். மைனஸ் ஜீரோவும் ஜீரோதாம்மா, விடுங்கன்னுட்டாங்க. மல்லாட்டக்காரங்க விடுவாங்களா?"

துடைப்பத்தை எடுத்துத் தட்டைப் பெருக்கினேன். தூசி போனது. பலகையில் -0.00. பக்கத்தில் ஒரு கால் கிடையாது. பட்டனை அழுத்தினேன், அசையவில்லை.

இதற்கு எந்த மர்மமும் கிடையாது. தட்டில் தூசி இருக்கும்போது அதையும் சேர்த்துச் சைபர் வைத்திருப்பார்கள். தூசி போனதும் எடை சைபருக்கு இம்மி கீழே இறங்கும். அந்த இம்மியை ரவுண்ட் பண்ணி முழுசாக்கினால் சைபர். ஆனால் கம்ப்யூட்டர் இந்த மாதிரி எண்களை வைத்துக்கொள்ளும்போது எண்ணை ஓரிடத்திலும் கூட்டல் கழித்தல் குறியைத் தனியாக வேறோர் இடத்திலும் வைக்கும். எண் ஒன்றுமில்லாமல் போனாலும் குறி அப்படியே நிற்கும், குடியிருந்தவர் காலி செய்துபோன வீட்டு வாசலில் பெயர்ப் பலகை மட்டும் தொங்குவதைப் போல. எந்தப் பக்கத்திலிருந்து சைபருக்கு வந்தோம் என்று தெரிந்திருக்க வேண்டிய கணக்குகள் உண்டு; அதற்காகவே வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

விசித்திரம் இனிமேல்தான். அந்த மைனஸ் சைபரிடம் "நீ சைபருக்குச் சமமா?" என்று கேட்டால் "ஆமாம்" என்னும். "சைபருக்குக் கீழேயா?" என்று கேட்டால் "இல்லை" என்னும். அச்சடிக்கச் சொன்னால் மட்டும் மீசையோடு வந்து நிற்கும். பட்டன் வேலை செய்யாததும் இதனால்தான். ஏற்கெனவே சைபராகத்தானே இருக்கிறது, நான் என்ன செய்ய என்று சும்மா இருந்துவிடுகிறது. என் கடைக்கு நானே எழுதிய சின்ன புரோகிராமில் இதே பூச்சி புகுந்து என் தலையைத் தின்றிருக்கிறது, அதனால் தெரியும்.

இரண்டாவது ஆள், சாஃப்ட்வேர் கம்பெனியின் இன்ஜினியர். அவருக்குப் போன் செய்து, மண்டிக்காரரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"மைனஸ் வர சான்ஸே இல்ல சார். ஜீரோக்குக் கீழ போனா ஜீரோன்னு காட்டச் சொல்லி கோட்லயே செக் இருக்கு. ஆபரேட்டர்தான் ஏதாவது பண்ணியிருப்பாங்க."

"கேட்டியா?" என்றார் மண்டிக்காரர்.

"தம்பி, அந்த செக்கு ரவுண்ட் பண்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"அப்ப மைனஸ் சைபர் அதுல எப்பிடி மாட்டும்? அதான் கீழ இல்லன்னுதே?"

"ஓ, அதுவா சார்! தெரியும் சார். சும்மா டிஸ்ப்ளே மேட்டர். வெயிட்ல ஒண்ணும் மாறாது."

தெரியுமாம்! எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. "தெரிஞ்சிக்கினே ஒரு பொண்ணு மேல பழிய போட்டியா? அது சொன்னப்போ சைபர்தான் விடுன்னீங்க. இப்ப வரவே வராதுன்றீங்க. எந்த வாயி நெசம்?"

"டென்ஷன் ஆவாதீங்க சார். அப்டேட் விடுறேன்."

விட்டார்கள். மைனஸ் சைபரோடு சாதாரண சைபரைக் கூட்டினால் சாதாரண சைபர்தான் வரும்; குறி கழன்றுவிடும். அவ்வளவுதான் வைத்தியம். நான் டீ குடித்து வருவதற்குள் முடிந்துவிட்டது. எவ்வளவு பெருக்கினாலும் பலகையில் மீசை முளைக்கவில்லை. இவ்வளவு சுலபமான வேலையை அவள் முதல் தடவை சொன்னபோதே செய்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

"முடிஞ்சுதுல்ல? அவள நாளைக்கி வரச் சொல்லு" என்றார் மண்டிக்காரர்.

"அந்தக் குரூப்புல நீங்க சொல்லுங்க மொதல்ல. அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு."

அவர் செல்லை எடுத்துத் தட்டினார். எட்டிப் பார்த்தேன். "மிஷின் கோளாறு சரி செய்யப்பட்டது. விவசாயிகள் வழக்கம்போல் வரலாம்."

"அந்தப் பொண்ணப் பத்தி ஒரு வார்த்த இல்லியே?"

"அதெல்லாம் புரிஞ்சிக்குவாங்க. வேல திரும்பக் குடுக்குறேன்ல, அப்புறம் இன்னா? நீ பஸ்ஸப் புடி."

அந்தச் செய்தியின் கீழே கட்டைவிரல் படங்கள் குவிந்தன. அதற்கு மேலே அந்த வீடியோ அழிக்கப்படாமல் அப்படியே கிடந்தது. அழிக்கச் சொன்னேன். "போட்டவன்தான் அழிக்கணும், அவனுக்கு யாரு சொல்றது" என்றார்.

அவள் வேலைக்குத் திரும்பினாள். திரும்பாமல் என்ன செய்வாள்?

பிறகு வேறு தராசு வேலையாக அந்தப் பக்கம் போனபோது மண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். பலகையில் சுத்தமான 0.00. மல்லாட்டைக்காரர் ஒருவர் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டை தட்டில் ஏறும் நேரம். அவள் இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் மடக்கி வைத்துக்கொண்டு, புடவையை இழுத்து விட்டாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எடை சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுக் காலைக் கீழே இறக்கினாள். அடுத்த மூட்டை வந்ததும் மறுபடி தூக்கி வைத்துக்கொண்டாள்.