நிழல்வேந்தனின் பச்சை அங்கி

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அக்கரப்பத்தனையில் தையல் வேலை செய்யும் சண்முகவடிவு, சிறுமியாக இருந்தபோது நிழல்வேந்தன் காமிக்ஸ் ஒன்றைக்கூட விட்டதில்லை. காட்டில் ஒளிந்திருந்து திருடர்களைப் பிடிக்கும் அந்தச் சூப்பர் ஹீரோவின் கதைகள் அப்போது கறுப்பு வெள்ளையில்தான் வந்தன. அவனுடைய அங்கி பச்சை என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். மகள் லோஜினியின் வினோத உடைப் போட்டிக்கும் பச்சைத் துணியிலேயே அங்கி தைத்து முடித்தாள்.

போட்டிக்கு முதல் நாள், கணவன் விஜிதரன் கொழும்பிலிருந்து அந்தப் பழைய கதைகளின் தொகுப்பை வாங்கி வந்தான். புதிதாக வண்ணம் சேர்த்திருந்தார்கள். அங்கி சிவப்பு.

“பச்சைன்னு சொன்னீங்களேம்மா! எல்லாரும் சிரிப்பாங்க, நான் போடமாட்டேன்” என்று லோஜினி அழுதாள்.

“ஒங்கம்மா கண்ணுக்கு எல்லாமே தேயிலதான்” என்றான் விஜிதரன்.

சண்முகவடிவு தொகுப்பை முழுக்கப் புரட்டிவிட்டு மூடினாள். “செவப்பு போட்டுக்கிட்டு காட்டுல எப்படிடி ஒளியிறது? தோட்டத்து வேலையப் பாத்துக்கிற நம்ம கண்டாக்கையாவே அடுத்த மலையிலேருந்து கண்டுபுடிச்சிருவாரு. நீ இதப் போட்டுக்கிட்டு ஒளிஞ்சு பாரு.”

லோஜினி மூக்கை உறிஞ்சிக்கொண்டே அங்கியை மாட்டி, அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே தேயிலைச் செடிகளுக்குள் நுழைந்தாள். விஜிதரன் வரிசை வரிசையாகத் தேடினான்.

“எங்க புள்ள இருக்க?”

“ஒங்க காலுக்கிட்டதான்ப்பா! நாளைக்கு இதத்தான் போடுவேன்.”